துலாவும் வேலைக் கணக்கும்

மனிதன் தன் கைவலிமைக்கு ஓர் எல்லை உண்டென்பதை உணர்ந்த நாள்தொட்டுப் பொறிகளை நாடி வந்துள்ளான். பாறையைப் பெயர்ப்பதற்கு நெம்புகோலையும், பாரத்தை ஏற்றுவதற்குச் சாய்தளத்தையும், நீரை இறைப்பதற்குக் கப்பியையும் துலாவையும் கண்டான். கி. பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், அச்சுருளை, நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு என்னும் ஐந்தையும் பாரம் பெயர்க்கும் பொறிகளாக வகுத்துரைத்தார். இவற்றையே இன்றும் எளிய பொறிகள் என வழங்குகின்றோம். இவற்றின் அமைப்பு எளியதேயாயினும், இவை செய்யும் உதவி யாது என்பதைப் பிழையற உணர்ந்தோர் பலரல்லர்.

பொறியானது வேலையைக் குறைக்கின்றது என்பது பொதுவழக்கு. வலுக்கூடிய பொறியே சிறந்த பொறி என்பது மற்றொரு வழக்கு. இவ்விரண்டும் ஆராயாது கொள்ளப்பட்ட கருத்துகள். ஒரு பொறியை மதிப்பிட விரும்புவோர் மூன்று வினாக்களை வெவ்வேறாக எழுப்புதல் வேண்டும். நிகழ்ந்த வேலை எவ்வளவு? செலவிட்ட வேலையில் பயனாக வந்த பங்கு எவ்வளவு? அவ்வேலை எவ்வளவு விரைவில் முடிந்தது? முதல் வினாவுக்கு விடை வேலை, இரண்டாவதற்கு வினைத்திறன், மூன்றாவதற்கு வலு. ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்குக் கூறுவதனாலேயே மயக்கம் விளைகின்றது. இம்மூன்றையும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குப் பன்னெடுங்காலம் நீர் வார்த்த துலாவைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துலாவின் அமைப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடுவது. மாரியிற் பெய்யும் மழைநீர் சுண்ணக்கல்லினூடே கீழிறங்கி நிலத்தடியில் தங்க, அதனைக் கிணற்றின் வாயிலாக மேலே கொணர்ந்தே பயிர் செய்யவேண்டியிருந்தது. இத்தேவைக்கு உதவிய பொறி துலா. தமிழ்நாட்டில் ஏற்றம் என்றும், எகிப்தில் சாதூப் என்றும் வழங்குவனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கிணற்றின் அருகே நாட்டப்பட்ட இரண்டு ஆடுகால்களுக்கு இடையே அச்சுலக்கை குறுக்காகக் கிடக்கும். அதன்மேல் நீண்டதொரு மரம் ஏறியிறங்குமாறு பொருத்தப்பட்டிருக்கும். அம்மரமே துலா. கிணற்றை நோக்கிய நுனியிலிருந்து துலாக்கொடி தொங்கும். அதன் முனையிற் பட்டையோ வாளியோ கட்டப்பட்டிருக்கும். மறுபுறத்தில் மரத்தின் பருத்த அடி இருக்கும். வீட்டுக் கிணறுகளில் அவ்வடியிற் கல் கட்டுவதும் உண்டு. பௌதிக நூலின் மொழியிற் கூறுமிடத்து, அச்சுலக்கை சுழலிடம். நீர் நிறைந்த வாளி சுமை. அதனை எழுப்ப மனிதன் கொடுக்கும் விசை எத்தனம். ஆகவே துலா ஒரு நெம்புகோலாகும்.

நெம்புகோலின் விதியைக் கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆக்கிமிடீசு நிறுவியுள்ளார். சுழலிடத்தின் ஒருபுறமுள்ள பாரத்தை அதன் தூரத்தாற் பெருக்க வரும் தொகையும், மறுபுறமுள்ள பாரத்தை அதன் தூரத்தாற் பெருக்க வரும் தொகையும் சமமாயின் கோல் சமநிலையில் நிற்கும். இப்பெருக்கத்தை விசையின் திருப்பம் என்பர். சிறிய விசை நீண்ட புயத்தில் நின்று பெரிய விசையைத் தாங்குவது இதனாலேயே.

வேலை என்பது யாது?

பேச்சுவழக்கில் உழைப்பனைத்தும் வேலையே. பௌதிகத்தில் அச்சொல்லுக்குப் பொருள் குறுகியது, குறுகியதாதலின் அளக்கத்தக்கது. ஒரு விசை தன் திசையிலே ஒரு பொருளை நகர்த்துமாயின், விசையை நகர்ந்த தூரத்தாற் பெருக்க வருவது வேலையாகும். இப்பொருளிற் சொல்லை நிலைநிறுத்தியவர் பிரான்சு நாட்டுக் கொரியோலிசு, ஆண்டு 1829. விசையை நியூற்றனிலும் தூரத்தை மீற்றரிலும் அளந்தால் வேலை யூலில் வரும். வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை 1840களிற் பரிசோதனையால் நிறுவிய ஜேம்ஸ் யூலின் பெயரே இவ்வலகுக்கு இடப்பட்டது.

ஒரு கிலோகிராம் திணிவின் நிறை 9.8 நியூற்றன். கணக்கு எளிதாகும்பொருட்டு இங்கே அதனை 10 நியூற்றன் எனக் கொள்வோம். ஓர் இலீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம். எனவே ஓர் இலீற்றர் நீரை ஐந்து மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டும் வேலை 50 யூல். அதனைக் கையால் உயர்த்தினும், கப்பியால் உயர்த்தினும், எந்திரத்தால் உயர்த்தினும் இத்தொகை மாறாது. இது நீருக்கும் உயரத்துக்கும் உரிய கணக்கு, பொறிக்கு உரியதன்று.

இவ்விடத்தில் மாணாக்கர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நீர் நிறைந்த வாளியைத் தூக்கி அசையாது பிடித்து நிற்பவன் களைத்துப் போகின்றான், வாளி நகரவில்லையாதலின் அவன் செய்த வேலை சூனியம் என்று நூல் கூறுகின்றது, இது பொருந்துமா? பொருந்தும். வாளியின்மேல் வேலை நிகழவில்லை. ஆனால் அவனது தசைநார்கள் இழுவிசையை நிலைநிறுத்தச் சத்தியைச் செலவிட்டு, அதனை வெப்பமாக்கிக்கொண்டிருக்கின்றன. களைப்பு வேறு, வேலை வேறு. பொறியின் உதவி பெரும்பாலும் களைப்பைக் குறைப்பதேயன்றி வேலையைக் குறைப்பதன்று என்பதற்கு இவ்வேறுபாடே திறவுகோலாகும்.

கல் செய்யும் உதவி

வீட்டுக் கிணற்றுத் துலா ஒன்றை எடுத்துக்கொள்க. வாளி கொள்ளும் நீர் 12 இலீற்றர். அதன் நிறை 120 நியூற்றன். வாளியும் கொடியும் சேர்ந்து 40 நியூற்றன். நீர் உயரவேண்டிய தூரம் 5 மீற்றர். ஒரு வாளி நீருக்குரிய பயன்வேலை 120 ஐ 5 ஆற் பெருக்க 600 யூல்.

துலாவின்றி வெறுங்கயிற்றால் அள்ளுபவன் 160 நியூற்றன் பாரத்தை 5 மீற்றர் உயர்த்தவேண்டும். அவன் செய்வது 800 யூல் வேலை. அவற்றுள் 200 யூல் வாளிக்கும் கயிற்றுக்கும் போயிற்று. வெறுவாளியை மீண்டும் இறக்கும்போது அந்த 200 யூலும் அவனுக்குத் திரும்பி வருவதில்லை, வீணாய்க் கழிகின்றது.

இனித் துலாவைப் பூட்டுக. சுழலிடத்திலிருந்து கொடி தொங்கும் நுனி 5 மீற்றர் தூரத்திலும், அடியிற் கட்டிய கல் 2 மீற்றர் தூரத்திலும் உள்ளன என்றும், கல்லின் நிறை 250 நியூற்றன் என்றும் கொள்க. மரத்தின் சொந்தப் பாரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். கல்லின் திருப்பம் 250 ஐ 2 ஆற் பெருக்க 500. இது நுனியிலே தொங்கும் 100 நியூற்றனைச் சமன்செய்யும். வெறுவாளி 40 நியூற்றனே ஆதலின், அதனைக் கீழே இறக்குவதற்கு மனிதன் 60 நியூற்றன் விசையோடு கொடியைக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். நிறைவாளி 160 நியூற்றன் ஆதலின், அதனை எழுப்புதற்கும் 60 நியூற்றன் விசையே வேண்டும்.

வரவு செலவை நோக்குக. வாளியை இறக்கும்போது மனிதன் செய்யும் வேலை 60 ஐ 5 ஆற் பெருக்க 300 யூல். வெறுவாளி இறங்குவதனாற் கிடைப்பது 200 யூல். இரண்டும் சேர்ந்த 500 யூலும் கல்லை 2 மீற்றர் உயர்த்துவதிற் செலவாகின்றன. வாளி நிறைந்தபின் கல் கீழிறங்கி அந்த 500 யூலைத் திருப்பிக் கொடுக்கின்றது. மனிதன் மேலும் 300 யூல் கொடுக்கின்றான். கூடிய 800 யூலால் நிறைவாளி மேலே வருகின்றது. மனிதன் இருமுறையாற் செய்த வேலை 600 யூல். நீரின் பயன்வேலையும் 600 யூல். கணக்கு நேராயிற்று.

இதிலிருந்து பெறப்படும் உண்மைகள் மூன்று. முதலாவது, கல் தானாக ஒரு யூல் வேலையும் செய்வதில்லை. கொடுத்ததை வாங்கி வைத்து, வேண்டும்போது திருப்பித் தருகின்றது. இரண்டாவது, வாளியின் பாரத்துக்காக வீண்போன 200 யூலை அது மீட்டுத் தருகின்றது. மூன்றாவது, மனிதன் ஒரே மூச்சில் இழுக்கவேண்டியிருந்த 160 நியூற்றன், இறக்கத்துக்கு 60 என்றும் ஏற்றத்துக்கு 60 என்றும் பங்கிடப்பட்டுவிடுகின்றது. பாதி வேலையைக் கீழ்நோக்கி இழுத்துச் செய்வதால், கையோடு உடற்பாரமும் துணை நிற்கின்றது. வேலை மறைந்து போகவில்லை. மனித உடலுக்கு ஏற்றவாறு வகுக்கப்பட்டது. பொறியால் இயற்கையை ஏமாற்றிவிடலாம் என்று கருதியோரை மறுத்து, விசையிற் பெறும் இலாபம் தூரத்திலோ காலத்திலோ இழக்கப்படும் என்று 1600ஆம் ஆண்டளவிற் கலிலியோ விளக்கியதும் இக்கருத்தே.

வினைத்திறன்

மேற்கூறிய கணக்கில் உராய்வு சேர்க்கப்படவில்லை. மெய்யான துலாவில் அச்சுலக்கை ஆடுகாலோடு தேய்கின்றது. கொடி கட்டில் உராய்கின்றது. வாளி கிணற்றுச் சுவரில் மோதுகின்றது. ஆதலின் இறக்குவதற்கு 60 நியூற்றனுக்குப் பதிலாக 70 உம், ஏற்றுவதற்கு 80 உம் வேண்டியிருக்கின்றன எனக் கொள்க. மனிதன் செய்யும் வேலை 350 உம் 400 உம் சேர்ந்து 750 யூல். பயனாய் வந்தது 600 யூல். 600 ஐ 750 ஆல் வகுத்து நூறாற் பெருக்க வருவது 80. இத்துலாவின் வினைத்திறன் நூற்றுக்கு 80 ஆகும்.

பயன்வேலையை உள்ளிட்ட வேலையால் வகுத்து வருவதே வினைத்திறன். அது ஒருபோதும் நூறை மிஞ்சாது. உராய்வுள்ள உலகில் நூறை எட்டுவதுமில்லை. இழந்த 150 யூல் அழிந்துவிடவில்லை. அச்சுலக்கையின் சூடாகவும், மரத்தின் அதிர்வாகவும், ஓசையாகவும் மாறிற்று. அச்சுலக்கைக்கு எண்ணெய் இடுபவன், அறிந்தோ அறியாமலோ, வினைத்திறனை உயர்த்துபவனாகின்றான்.

வெறுங்கயிற்றால் அள்ளுபவனின் கணக்கையும் ஒப்பிடுக. அவன் செலவிட்டது 800, பயன் 600, வினைத்திறன் 75. துலாவுக்கு 80. வேறுபாடு ஐந்தே. வினைத்திறனை மட்டும் நோக்குவோர் துலாவாற் பெரும்பயன் இல்லை என்றே முடிவு செய்வர். ஆனால் இழுக்கவேண்டிய விசையோ 160 இலிருந்து 80 ஆகப் பாதியாயிற்று. நூறு வாளி இறைக்கவேண்டிய ஒருவனுக்கு இதுவே பெரும்பேறு. எனவே, நல்ல பொறியின் இலக்கணம் வினைத்திறன் ஒன்றிலேயே அடங்கிவிடுவதன்று.

துலா மிதித்தல்

வீட்டுத் தேவைக்கு ஒருவர் கைபோதும். தோட்டத்துக்கு இறைப்பதாயின் துலா மிதித்தல் வேண்டும். துலாவின்மேல் ஆட்கள் ஏறி நின்று, பக்கத்தே கட்டிய பிடிமரத்தைப் பற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் நடப்பர். அவர்கள் கிணற்றுப்பக்கம் வந்தால் துலா அப்பக்கம் தாழ்ந்து பட்டை நீரில் இறங்கும். அடிப்பக்கம் சென்றால் பட்டை மேலெழும். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்ற, மற்றொருவர் பாத்திதோறும் நீரைத் திருப்பிவிடுவார்.

இதன் கணக்கைக் காண்போம். பட்டை கொள்ளும் நீர் 40 இலீற்றர். உயரம் 5 மீற்றர். பயன்வேலை 2,000 யூல். துலாவின் அடிப்பாரம், பட்டையையும் நீரிற் பாதியையும் சமன்செய்யுமாறு அமைந்துள்ளது எனக் கொள்க. அவ்வாறாயின் எஞ்சிய பாதி நீராகிய 200 நியூற்றனை 5 மீற்றர் நீளப் புயத்திலே வெல்லவேண்டும். அதற்கு வேண்டும் திருப்பம் 1,000. துலா மிதிப்போர் இருவர். ஒருவரின் நிறை 600 நியூற்றன். இருவரும் 1,200 நியூற்றன். இவர்கள் சுழலிடத்திலிருந்து ஒரு மீற்றர் தூரம் சென்று நின்றால் திருப்பம் 1,200 ஆகும். துலா சாய்ந்துவிடும். மிகுதி 200 உராய்வை வெல்லவும் மரத்தை அசைக்கவும் உதவும்.

இவர்கள் வேலை செய்வது எவ்வாறு? ஒருபக்கம் தாழ்ந்த துலா கிடைமட்டத்துக்கு 30 பாகை சரிந்து நிற்கும். 5 மீற்றர் நீளப் புயம் அச்சரிவிலே கீழும் மேலுமாக அசைந்தால் பட்டை 5 மீற்றர் உயரும் என்பதைக் கேத்திரகணிதம் காட்டும். தாழ்ந்த பக்கத்தில் நிற்போர் மறுபக்கம் செல்லச் சரிவிலே ஏறி நடக்கவேண்டும். சுழலிடத்துக்கு இப்பால் ஒரு மீற்றரிலிருந்து அப்பால் ஒரு மீற்றர்வரை நடப்பது 2 மீற்றர்; 30 பாகைச் சரிவில் இதனால் உயர்வது ஒரு மீற்றர். உயர்ந்தவுடன் துலா சாய, அவர்கள் ஒரு மீற்றர் கீழிறங்குவர்; அவ்விறக்கமே நீரை எழுப்பும் அல்லது வெறும் பட்டையை இறக்கும். ஒரு பட்டை நீருக்கு இவ்வாறு இருமுறை ஏறவேண்டும். எனவே ஒருவர் செய்யும் வேலை 600 ஐ 2 ஆற் பெருக்க 1,200 யூல். இருவருக்கும் 2,400 யூல். பயன் 2,000. வினைத்திறன் ஏறத்தாழ நூற்றுக்கு 83.

இங்கே கையின் இழுவை இல்லை. வேலை செய்வது மனிதனின் காலும் அவன் உடற்பாரமுமே. பிரான்சு நாட்டுப் பௌதிகவியலார் கூலோம், மனிதர் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்யவல்லர் என்பதைப் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தபோது, சுமையின்றித் தன்னுடலை மட்டும் சுமந்து படியேறுபவனே மிகுந்த வேலை செய்கின்றான் என்று கண்டார். தன் உடலை உயர்த்தி, அவ்வுடலின் இறக்கத்தாற் சுமையை உயர்த்துவதே மனித வலிமையைப் பயன்படுத்துதற்கு ஏற்ற வழியென்பது இதனாற் புலப்படும். கூலோமின் நூலை அறியாத யாழ்ப்பாணத்து உழவர் அவ்வழியையே கைக்கொண்டிருந்தனர்.

வலு

வேலையின் அளவு காலத்தைக் கேட்பதில்லை. நூறு பட்டை நீரை ஒரு நாளில் இறைத்தாலும் ஒரு கிழமையில் இறைத்தாலும் வேலை ஒன்றே. ஆனால் பயிருக்குக் காலம் உண்டு. ஒரு செக்கனில் நிகழும் வேலையே வலு எனப்படும். செக்கனுக்கு ஒரு யூல் என்னும் வீதம் ஒரு வாற்று ஆகும்.

ஜேம்ஸ் வாற்று தம் நீராவி எந்திரங்களை விலைப்படுத்தப் புகுந்தபோது, அவற்றை வாங்க விரும்பியோர் கேட்ட வினா, அது எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்பதே. அதற்கு விடையாக, ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி இறாத்தல் வேலை செய்யும் என்று அவர் வகுத்துக்கொண்டார். இதுவே பரிவலு; இன்றைய அலகில் ஏறத்தாழ 746 வாற்று. நாள் முழுதும் உழைக்கும் மனிதன் இதிற் பத்தில் ஒரு பங்கை, அதாவது 75 வாற்று அளவை, நிலையாகத் தரவல்லவன் என்பது பொது மதிப்பு.

மேலே கண்ட தோட்டத் துலாவில் ஒரு பட்டை நீர் இறைப்பதற்கு 20 செக்கன் செல்கின்றது எனக் கொள்க. இருவர் தரும் வலு 2,400 ஐ 20 ஆல் வகுக்க 120 வாற்று. ஒருவருக்கு 60 வாற்று. பயன்வலு 2,000 ஐ 20 ஆல் வகுக்க 100 வாற்று. நிமிடத்துக்கு மூன்று பட்டை. மணித்தியாலத்துக்கு 7,200 இலீற்றர். மனித உடல் தளராது தரக்கூடிய அளவுக்குள்ளேயே ஒவ்வொருவரின் பங்கும் அமைந்திருப்பதைக் காண்க. துலா மிதிப்பு நெடுநேரம் தொடர முடிந்ததன் காரணம் இதுவே. எனினும் மரத்தினின்று வழுவி வீழும் ஆபத்தும், விடியுமுன் எழவேண்டிய வருத்தமும் எந்தக் கணக்கிலும் ஏறாதவை. துலாவைப் புகழ்வோர் அவற்றை மறத்தல் தகாது.

எந்திரமும் துலாவும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிதொட்டு நீரிறைக்கும் எந்திரங்கள் துலாவின் இடத்தைப் படிப்படியாகப் பெற்றன. 2 பரிவலு எந்திரம் ஒன்றை நோக்குக. அதன் அச்சில் வரும் வலு ஏறத்தாழ 1,500 வாற்று. விசிறியிலும் குழாயிலும் நிகழும் இழப்பெல்லாம் போக, மூன்றில் ஒரு பங்கு நீரை உயர்த்தப் பயன்படுகின்றது எனக் கொண்டால், பயன்வலு 500 வாற்று. ஓர் இலீற்றருக்கு 50 யூல் வீதம் செக்கனுக்கு 10 இலீற்றர். மணித்தியாலத்துக்கு 36,000 இலீற்றர். துலாவினும் ஐந்து மடங்கு. தோள்களும் கால்களும் ஓய்வு பெற்றன. இது சிறு நன்மையன்று.

வினைத்திறனிலோ நிலைமை வேறு. சிறிய எண்ணெய் எந்திரம் எரிபொருளின் சத்தியில் ஐந்தில் ஒரு பங்கையே அச்சுக்குக் கொடுக்கும் எனக் கொள்ளலாம். அதிலும் மூன்றில் ஒரு பங்கே நீருக்குச் செல்வதால், எரித்த எண்ணெயின் நூறு பங்கிற் பயனாவது ஏழுக்கும் குறைவு. மனிதனின் தசைநார் தான் செலவிடும் உணவுச்சத்தியில் நாலில் ஒரு பங்களவை வேலையாக்குகின்றது. துலாவின் வினைத்திறன் 83. இரண்டையும் பெருக்க நூற்றுக்கு ஏறத்தாழ 21. பட்டை பிடிப்பவரின் உழைப்பையும் சேர்த்தால் இது சிறிது குறையும்.

இவ்வொப்பீட்டிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வினைத்திறன் எங்கே தொடங்கி எங்கே முடியும் கணக்கு என்பதைக் கூறாவிடின் அதற்குப் பொருளில்லை. துலா மட்டும் என்றால் 83. உழைப்பவனின் உணவிலிருந்து என்றால் 21. மின்மோட்டர் தான் பெறும் மின்னின் பெரும்பகுதியைச் சுழற்சியாக மாற்றித் தரும். ஆயினும் அம்மின் நிலக்கரியை எரித்துப் பெறப்பட்டதாயின், நிலக்கரியின் சத்தியில் மூன்றில் ஒரு பங்களவே மின்னாக வந்ததென்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நிகழும் வினைத்திறன்களைப் பெருக்கியே முழுமையின் வினைத்திறனைக் காணலாம்.

கிணற்றின் கணக்கு

பொறியின் கணக்கோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. பொறி நீரை எடுக்கும் இடமாகிய கிணற்றுக்கும் ஒரு வீதம் உண்டு. நாலு மீற்றர் விட்டமுள்ள கிணறொன்றில் மணித்தியாலத்துக்கு 8,000 இலீற்றர் நீர் ஊறுகின்றது எனக் கொள்க. துலா எடுப்பது 7,200. ஊற்று அதனை நிரப்பிவிடும், நீர்மட்டம் தாழாது. எந்திரம் எடுப்பது 36,000. ஊறுவது போக மணித்தியாலத்துக்கு 28,000 இலீற்றர் கிணற்றின் சேமிப்பிலிருந்து குறைகின்றது. அக்கிணற்றில் ஒரு மீற்றர் ஆழ நீர் ஏறத்தாழ 12,600 இலீற்றர். ஆதலின் ஒரு மணித்தியாலத்தில் மட்டம் இரண்டு மீற்றருக்கு மேலாகத் தாழும். நீர் ஏறவேண்டிய உயரம் 5 மீற்றரிலிருந்து 7 மீற்றருக்கு மேலாகும். ஓர் இலீற்றருக்கு வேண்டும் வேலை 50 யூலிலிருந்து 70 யூலைக் கடக்கும். வலு தன் வேலையைத் தானே பெருக்கிக்கொள்கின்றது.

குடாநாட்டில் இதனினும் பெரியதோர் இடர் உண்டு. அங்கே நிலத்தடி நன்னீர், தன்னினும் அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1,000 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1,025. இவ்வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரம் நிற்கும் நன்னீர், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீரைத் தாங்கவல்லது. ஒல்லாந்தரான கைபன் 1889 அளவிலும், சேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே கண்ட உண்மை இது. அவ்விகிதப்படி, மேல்மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர்வரை ஏறிச் சமநிலை கொள்ள முயலும். சமநிலை என்னும் விதி துலாவில் ஆள்வதுபோலவே நிலத்தடியிலும் ஆள்கின்றது. ஆனால் இங்கே புயங்களின் விகிதம் ஒன்றுக்கு நாற்பது. ஓயாது விரைந்து இறைத்த கரையோரக் கிணறுகள் உவராகியதன் காரணம் இதிற் காணப்படும்.

துலாவுக்கு மீண்டும் திரும்புதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. உழவனின் முதுகு நோவைக் கொண்டு நீரைக் காக்க முயல்வது நீதியுமாகாது. எந்திரத்தைத் தேர்வோர் அதன் பரிவலுவை மட்டும் வினவாது, கிணற்றின் ஊற்றையும் வினவுதல் வேண்டும் என்பதே கருத்து. வலுக்குறைந்த எந்திரத்தை நெடுநேரம் ஓட்டினும், வலுக்கூடியதை இடைவிட்டு ஓட்டினும், நாளொன்றுக்கு எடுக்கும் நீர் ஒன்றாயிருக்கலாம். மட்டம் தாழும் அளவோ ஒன்றாயிராது.

முடிவுரை

வேலை, வினைத்திறன், வலு என்னும் மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். வேலையின் கணக்கு, எந்தப் பொறியும் இல்லாததைப் படைப்பதில்லை என்று அறிவுறுத்துகின்றது. வினைத்திறனின் கணக்கு, செலவில் எவ்வளவு வீணாயிற்று என்று காட்டுகின்றது. வலுவின் கணக்கு, எவ்வளவு விரைவு என்று மட்டுமே கூறுகின்றது. அவ்விரைவு தக்கதா என்பதை அது கூறுவதில்லை. பரீட்சைத் தாளிலே மூன்று சூத்திரங்களாக எழுதப்படும் இவற்றை ஒரு கிணற்றடியில் நின்று பொருத்திப் பார்க்கும் மாணாக்கன், பௌதிகம் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்வான். துலாக்கள் அருகிவிட்டன, ஆயினும் அவை கற்பித்த கணக்கு, இன்று ஆளியைத் தட்டி நீர் பெறும் வீட்டுக்கும் அவ்வாறே பொருந்தும்.